உள்ளூர் சீதோஷ்ணமும் உங்கள் குழந்தையும்

நாகப்பட்டினத்திலே பிறந்து வளர்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வாணியம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "அக்கா, எங்க ஊரிலே வெயில்னா வெயில், மழைன்னா மழை. இங்கே இந்த மாசி மாசத்திலே பகலெல்லாம் வேகுது. ராத்திரி மூணு மணிக்குக் குழந்தையைத் தொட்டா கையும் காலும் ஜில்லுனு இருக்கு. 7 மாசக் குழந்தை. சட்டையைப் போடறதா, கழட்டறதா? மாமியார் ஒண்ணு சொல்றாங்க, எங்கம்மா போன்ல ஒண்ணு சொல்றாங்க. யார் சொல்றதைக் கேக்கறது?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அம்மா, அவரவர் ஊருக்கு! உங்கள் அம்மா நாகப்பட்டினத்துச் சீதோஷ்ணத்துக்குச் சொல்கிறார். மாமியார் இந்த ஊருக்குச் சொல்கிறார். டி.வி.யில் வானிலைச் செய்தி வாசிப்பவரோ பெரும்பாலும் சென்னைக்குச் சொல்கிறார். பிள்ளை வளர்க்கும் நமக்கு நம் ஊர்க் கணக்குதான் வேண்டும்.

முதலில் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று மொட்டை மாடியில் ஏறி ஒரு சுற்று பாருங்கள். தெற்கே ஏலகிரி, மூவாயிரம் அடிக்கு மேல். அதற்கு அப்பால் ஜவ்வாது மலை. வடக்கே ஆந்திரத்துக் குன்றுகள். நடுவில் பாலாறு. ஒரு பெரிய வாணலியின் அடியில் நாம் குடியிருக்கிறோம். வாணலியே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. கடல் இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

கடல் பக்கத்தில் இருப்பதும் தள்ளி இருப்பதும் அவ்வளவு வித்தியாசமா என்று கேட்பீர்கள். அடிகனமான பித்தளைப் பாத்திரத்தையும் மெல்லிசு அலுமினியத் தட்டையும் அடுப்பில் வைத்துப் பாருங்கள். பித்தளை மெதுவாகச் சுடும், மெதுவாக ஆறும். அலுமினியம் சட்டென்று சுடும், இறக்கி வைத்ததும் சட்டென்று ஆறும். கடலோர ஊர் பித்தளை, உள்நாட்டு ஊர் அலுமினியம். மாசியில் நாகப்பட்டினத்தில் பகல் 30 டிகிரி என்றால் இரவு 23, 24. இங்கே பகல் 34, 35 வரை ஏறிவிட்டு விடியற்காலையில் 19, 20-க்கு இறங்கும். பதினைந்து டிகிரி வித்தியாசம்! நீங்கள் குழம்பிப் போனதில் ஆச்சரியமே இல்லை.

கடலிலிருந்து இன்னும் தள்ளிப் போகப் போக இந்த ஆட்டம் பேயாட்டமாகிவிடும். அமெரிக்காவின் வடக்குச் சமவெளியில் வடக்கு டகோட்டா என்று ஒரு மாநிலம். எந்தச் சமுத்திரமும் பக்கத்தில் கிடையாது. 1936-ஆம் வருஷம் பிப்ரவரியில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 51 டிகிரிக்கு இறங்கியது. அதே வருஷம் ஜூலையில் அதே மாநிலத்தில் 49 டிகிரி வெயில். அங்கேயும் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு தாய்மார்கள் குடித்தனம் நடத்தித்தான் இருக்கிறார்கள். நம் பாடு எவ்வளவோ தேவலை.

சரி, சட்டை விஷயத்துக்கு வருகிறேன். மாசி, பங்குனியில் கனமான ஒரே ஸ்வெட்டரை மாட்டி இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது. ராத்திரி 9 மணிக்குச் சுவரெல்லாம் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், குழந்தைக்கு வியர்க்கும். அந்த வியர்வை ஈரத்தோடு 3 மணிக் குளிரும் சேர்ந்தால் என்ன ஆகும்? மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று உள்ளே. மேலே முன்பக்கம் பட்டன் வைத்த, கை நீளமான பருத்திச் சட்டை இன்னொன்று. படுக்கும்போது ஒன்று. நடுநிசியில் பால் கொடுக்க எழுந்திருப்பீர்களே, அப்போது இரண்டாவது. காலையில் 9 மணிக்கு அதைக் கழற்றிவிடுங்கள். குழந்தைக்குக் குளிருகிறதா என்று பார்க்கக் கையையும் காலையும் தொட்டுப் பயந்துபோக வேண்டாம். அவை கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்கும். கழுத்தின் பின்புறத்தையோ நெஞ்சையோ தொடுங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் துணி அதிகம்.

எங்கள் பக்கத்து வீட்டு நானிமா தெர்மாமீட்டரைத் தொட்டதில்லை. அவர் பார்ப்பது தயிர்ப் பானையை. "உறை குத்தின தயிர் காலையிலே தோயலேன்னா புள்ளைக்கு ரெண்டாவது சட்டை. தோஞ்சு புளிச்சுப் போச்சுன்னா சட்டையே வேணாம்" என்பார். எனக்குத் தெரிந்து இந்தக் கணக்கு பொய்த்ததில்லை.

பங்குனி பாதியிலிருந்து வாணலிக்கு அடியில் அடுப்பு பற்ற வைத்தாற்போல்தான். சுற்றிலும் இருக்கும் பாறை மலைகள் பகலில் சூட்டை வாங்கி வைத்து இரவில் திருப்பித் தரும். சென்னையில் மத்தியானம் ஆனால் கடல் காற்று வந்து ஆற்றிவிடும். அந்தக் காற்று நம் வரைக்கும் வந்து சேருவதில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சர்வ சாதாரணம். சிமெண்டு ஷீட் வீடாக இருந்தால் உள்ளே அதற்கும் மேல். ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு கெட்டியாக இரண்டு பூச்சு பூசிப் பாருங்கள். செலவு கொஞ்சம்தான், உள்ளே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மாடி வீட்டுக்காரர்களும் தளத்துக்குப் பூசலாம்.

இந்த வெயிலில் ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. காற்று உலர்ந்திருக்கும். அதனால்தான் வடாம் ஒரே நாளில் காய்கிறது, தோல் ஷாப்புகளில் தொங்கும் தோலும் சீக்கிரம் காய்கிறது. மண்பானைத் தண்ணீரும் நாகப்பட்டினத்துப் பானையைவிட இங்கே அதிகமாகக் குளிரும். பானையின் மேலே கசிந்த தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது; காற்று உலர உலர அந்த வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. ஏர் கூலரும் அப்படித்தான். சித்திரையில் நன்றாக உதவும். ஐப்பசியில் போட்டால் வீடு ஈரம் தட்டுமே தவிரக் குளிராது. ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்துத்தான் கூலர் போட வேண்டும். கூலர் தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு தடவை கொட்டித் தேய்த்துவிடுங்கள்.

ஆனால் அதே உலர்ந்த காற்று குழந்தையின் உடம்பிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். வியர்ப்பதே தெரியாது. இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் பெரிய வாக்குவாதம் நடக்கும். "பச்சைக் குழந்தைக்கு நாக்கு வறண்டு போகுது, ஒரு சங்கு தண்ணி குடுத்தா என்ன?" என்பார் பாட்டி. 6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு, கத்திரி வெயிலிலும், தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் வேண்டாம். பாலிலேயே பெரும் பகுதி தண்ணீர்தான். தண்ணீரால் வயிற்றை நிரப்பினால் பால் குடிப்பது குறையும், சுத்தமில்லாத தண்ணீரானால் வயிற்றுப்போக்கு வரும். குழந்தை கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். சங்குத் தண்ணீரைப் பாட்டி உங்களுக்குத் தரட்டும். நீர்மோராகத் தந்தால் இன்னும் விசேஷம். 7 மாதக் குழந்தைக்குக் காய்ச்சி ஆற்றிய தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் அவ்வப்போது கொடுக்கலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். ஆறு தடவைக்குக் குறைந்தால் கவனம். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், துவண்டு கிடந்தாலும் மாலை வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைச் சரியாக 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கூடவே 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். போக்கு நின்றுவிட்டது என்று பாதியில் விடாதீர்கள்.

இதில் எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் பல கிணறுகளும் போர்களும் உப்பு. தோல் பதனிடும் கழிவு நீர் நிலத்தடியில் இறங்கிய கதை ஊரறிந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உப்பை அளந்து வைத்திருப்பது நல்ல குடிநீருக்காக. உப்புத் தண்ணீரில் கரைத்தால் குழந்தைக்கு உப்பு அதிகமாகிவிடும். "காய்ச்சினேனே!" என்று சிலர் சொல்வார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே நல்ல குடிதண்ணீர் 1 லிட்டர் பாட்டில் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

சித்திரை, வைகாசி மாலைகளில் திடீரென்று புழுதிக் காற்று கிளம்பும், இடி இடிக்கும், சில சமயம் ஆலங்கட்டியும் விழும். மாங்காய் பொறுக்கப் பிள்ளைகள் மரத்தடிக்கு ஓடுவார்கள். ஓட விடாதீர்கள். இடி சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும் அம்மாக்களுக்கும் இதையே சொல்கிறேன். துணி நனைந்தால் நனையட்டும்.

ஆனி, ஆடியில் காற்று. கண்ணில் புழுதி, வேறு பெரிய தொந்தரவில்லை. ஆடி முதல் புரட்டாசி வரை மாலை மழை வரும். சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பிரதானம். நமக்கோ மேற்கிலிருந்து வரும் இந்த மழைக்கும் பெரிய பங்கு உண்டு. பகலெல்லாம் காய்ந்து, நாலு மணிக்கு மேகம் திரண்டு, ஏழு மணிக்குக் கொட்டும். ஆகவே துணியைக் காலை 7 மணிக்கே கொடியில் போட்டுவிட்டால் பிழைத்தீர்கள்.

ஐப்பசி வந்தால் நான் ஆற்றைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் முள்செடியுமாகக் கிடக்கிற பாலாற்றைக் கண்டு புதிதாக வந்த பெண்கள், "இதுவா ஆறு?" என்று சிரிப்பார்கள். கர்நாடகத்தில் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, புல்லூர்த் தடுப்பணையைத் தாண்டி நம் பக்கம் நுழைகிறது. நம் ஊரில் ஒரு துளி விழாவிட்டாலும் மேலே பெய்தால் இங்கே வெள்ளம் வரலாம். 1903 நவம்பரில் அப்படித்தான் மேலே மைசூர்ச் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து, ஊருக்குள் வெள்ளம் புகுந்து பலர் மாண்டார்கள். அதன் நினைவாக ஊரில் ஒரு தூண் நிற்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 2021 நவம்பரிலும் இரண்டு கரையும் தொட்டுப் பெருவெள்ளம் போனது.

வெள்ளம் வீட்டுக்குள் வராவிட்டாலும் மழை வேறு வழியில் வரும். அதே 2021 நவம்பர் 19 அன்று விடியற்காலை, பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். பழைய செங்கல் சுவர், மண் சுவர், பக்கத்து வீட்டாரின் ஒட்டுச் சுவர், எதுவானாலும் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும்போது அந்தச் சுவரோரம் தொட்டிலும் படுக்கையும் வேண்டாம். புதிதாக விரிசல் தெரிகிறதா, சுவர் உப்பிக்கொண்டு வருகிறதா, கதவு திடீரென்று பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். தெரிந்தால், நடு ராத்திரியானாலும் கூச்சப்படாமல் குழந்தையோடு உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். "மழைக்கு பயந்து வந்துட்டா பாரு" என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இந்த மாதங்களில் வீட்டுக்குள்ளேயே இருக்கிற எதிரி டிரம். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் நாம் எல்லோரும் டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் மாமியார் வீடு. முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். அதற்குள், அதாவது வாரம் ஒரு முறை, டிரம்மைக் காலி செய்து உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. முட்டைகள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தபடியே கிடக்கும். அடுத்த தண்ணீர் பட்டதும் பொரியும். இந்தக் கொசு பகலில் கடிக்கும். ஆகையால் குழந்தை பகலில் தூங்கும்போதும் வலை வேண்டும்.

ஜுரம் வந்தால் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அதிகமாகலாம். மூன்றாம் நான்காம் நாள் ஜுரம் இறங்கியதும் நாம் பெருமூச்சு விடுவோம். உண்மையில் அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடத்தல், இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பிறகு மார்கழி. உங்கள் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்துவிடும். வீட்டுக்குள் 24 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். வெளியில் 15 டிகிரி தொடும் நாட்களும் தை வரை உண்டு. மேகமில்லாத வானத்தில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. மலைச் சரிவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் மாதிரி வழிந்து வாணலியின் அடிக்கு வந்து தேங்குகிறது. பாலாற்றுப் பக்கம் பனிமூட்டம் நிற்பது அதனால்தான். அந்தப் பனியில், விடிந்தும் விடியாமலும் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் தாய்மார்களைப் பார்க்கிறேன். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அவர்களுக்காகவே சொல்கிறேன்: போவதற்கு முன் குளிப்பாட்டிவிட்டுப் போக வேண்டும் என்று 5 மணிக்குக் குழந்தையை எழுப்பாதீர்கள். 11 மணி வெயில் வந்தபின் பாட்டி குளிப்பாட்டட்டும். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டியதில்லை. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கட்டும்.

குளிப்பாட்டினதும் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் வெகு காலத்துப் பழக்கம். வாசனை எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் அந்தப் புகை பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது. மூச்சுக் குழாயை உறுத்தி இருமலை வளர்க்கும். துண்டால் தலையை நன்றாகத் துவட்டினாலே போதும். குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரியடுப்போ தணல் சட்டியோ வைப்பது அதைவிட ஆபத்து. கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். குளியலறையில் காற்றுப் போக வழியில்லாமல் கேஸ் கெய்சர் மாட்டியிருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கெய்சர் வெளிச்சுவரில் இருக்கட்டும்.

மார்கழி இருமல் எல்லாம் நிமோனியா அல்ல. சளி, தும்மல் தானே போகும். இருமலுக்குத் தேன் தடவுவது 1 வயது ஆகாத குழந்தைக்குக் கூடாது. எது சாதாரணச் சளி, எது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. அதற்குக் கடிகாரம் மட்டும் போதும். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக 1 நிமிஷம் எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இராது. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் 1 வயது வரை 50, 1 வயதிலிருந்து 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும் எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே கிளம்புங்கள். இந்த மூன்று எண்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டி, மாமியாருக்கும் எண்ணக் கற்றுக்கொடுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் பாப்பாவுக்கு இப்போது 50 கணக்கு. அடுத்த மார்கழி வரும்போது 1 வயதைத் தாண்டியிருக்கும். அப்போது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள்.